ஐந்து மணிக்குள்

புது கிராபிக்ஸ் கார்டு மாட்டியதிலிருந்து அஸ்வினியின் கம்ப்யூட்டர் அடிக்கடி அணைந்துபோனது. ஐந்து மணிக்குள் அனிமேஷனை அனுப்பினால்தான் ஹைதராபாத் வேலை.

"சீக்கிரம் பாரு மாப்ள" என்று அவள் புருஷன் அழகுராஜா வாசலுக்கும் அறைக்குமாக நடந்தான்.

மெக்கானிக் அனீஸ் மூன்றாவது முறையாகப் பெட்டியைத் திறந்தான். கார்டுக்குப் போகும் வயர் மறுபடியும் கழன்றிருந்தது. யாரோ இழுத்துவிட்டிருக்கிறார்கள். பொண்டாட்டி வேலைக்குப் போவது இவனுக்குப் பிடிக்கவில்லையோ? நண்பன் அழகுராஜாவை முறைத்தான்.

அழகுராஜா டீ வாங்கப் போனதும் அஸ்வினி மெல்லச் சொன்னாள்.

"அவரை ஒண்ணும் கேக்காதீங்கண்ணே. நான்தான் இழுத்துவிட்டேன். எனக்காகப் பழங்காநத்தத்துல இருக்கிற தன்னோட கடையை மூடிட்டு ஹைதராபாத்துக்கு வாரேங்கிறாரு. வேணாம்னாலும் கேக்க மாட்டேங்கிறாரு."

அழகுராஜா டீயோடு ஓடி வந்தான். "சரியாயிருச்சா?"

"இன்னைக்கு ஆகாது மாப்ள" என்றான் அனீஸ்.