பதினொன்றாவது கிலோமீட்டர்

ஜவ்வாது மலை ஆஸ்பத்திரி வேனின் டிரைவர் முனிரத்தினம், புது டீசல் பில்டர் போடாமல் பழையதையே கழுவி மாட்டினார். அந்த வாரமே, பிரசவ வலியில் துடித்த தன் மனைவி குப்பம்மாளை ஏற்றி வரும்போது வேன் நின்றுவிட்டது. ஊரிலிருந்து ஆஸ்பத்திரி பதினெட்டு கிலோமீட்டர். வேன் நின்றது பதினொன்றாவதில். அங்கேயே அவள் போய்ச் சேர்ந்தாள்.

அது நடந்த எழுபத்தொன்பதாம் வருஷத்திலிருந்து வேன் பேட்டரி இல்லாமல் ஷெட்டில் கிடக்கிறது. முனிரத்தினம் வாராவாரம் புது பில்டர் போடுகிறார், ஆயில் மாற்றுகிறார். வடிகிற ஆயில் கரியாய், கை சுடுகிற சூட்டோடு வருகிறது. மீட்டரிலும் ஒவ்வொரு வாரமும் சில கிலோமீட்டர் கூடியிருக்கிறது.

"இந்த வாரமாவது தாண்டிச்சாண்ணா?" என்று கேட்டார் வாட்ச்மேன்.

முனிரத்தினம் மீட்டரைக் கந்தலால் துடைத்துப் பார்த்தார்.

"இல்லப்பா. இன்னா மாத்துனாலும் பதினொண்ணுதான் ஏறியிருக்கு."