பூங்கோதைக்குப் பசித்தது

நூற்று நாற்பது கிலோ எடையுள்ள வெள்ளியங்கிரி, இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. "சோறு இல்லாத பொழப்பு எதுக்குங்க டாக்டர்?" என்பார். மாடிப்படி பாதியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிய அன்றும் அதையேதான் சொன்னார்.

"வெட்டி எடுக்கறதை வீணாக்க மாட்டோம். பசியே எடுக்காதவங்களுக்கு வெச்சுடுவோம். உங்க மனைவிக்குப் பொருந்துது" என்றார் டாக்டர்.

பூங்கோதை அரை இட்லியோடு எழுந்துவிடுகிறவள். போன மாதம்தான் கடைவீதியில் மயங்கி விழுந்திருந்தாள். வெள்ளியங்கிரி உடனே கையெழுத்துப் போட்டார்.

இருவரும் உடம்பு தேறி வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பிய பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் கூச்சத்தோடு வந்து நின்றாள்.

"ஏனுங்க, கருவாட்டுக் குழம்பு வெச்சுத் தர்றீங்களா?"

அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. கருவாடு வாசம் வந்தாலே மூக்கைப் பொத்திக்கொண்டு பக்கத்து வீட்டுக்கு ஓடுகிறவள் அவள். அதனால் அந்தக் குழம்பு அவருக்கு மட்டும்தான் வைக்கத் தெரியும். வைத்தார். இரண்டு கவளத்திலேயே அவருக்கு வயிறு நிறைந்துவிட்டது. அவளோ மூன்றாம் முறையாகச் சோறு போட்டுக்கொண்டிருந்தாள்.

"இத்தன ருசியா இருக்குதுங்களே, எங்கிட்டச் சொல்லவே இல்லீங்களே?"

"கல்யாணம் ஆனதுல இருந்து சொல்லிட்டுத்தான இருக்கறேன்!"

அவள் விரல்களை நக்கியபடி சட்டியை எட்டிப் பார்த்தாள். அவள் கன்னம் லேசாக உப்பியிருந்ததை அப்போதுதான் கவனித்தார். எழுந்து போக மனம் வராமல், மிச்சக் குழம்பை அவள் தட்டில் ஊற்றினார்.

"மெதுவாச் சாப்புடு கண்ணு. அது என்ற வயிறு, எனக்குத் தெரியும். போதும்னு சொல்லவே சொல்லாது."