சிங்கக் குழாயின் நடை

கோயில் எதிரே கல்லில் சிங்கமுகம் வைத்த பழைய குடிநீர்க் குழாய் ஒன்று இருந்தது. அதில் தண்ணீர் நின்று ஆறு வருஷம். நின்ற மறுநாளே டீக்கடை வாளிக்கு மாறிக்கொண்ட காகத்தைச் சிங்கம் இன்னும் மன்னிக்கவில்லை.

ஒருநாள் காலையில் காகம் பரபரப்பாக வந்தது. "அண்ணே, இன்னிக்கு நடை. பழைய குழாயெல்லாம் பார்த்துக்கிட்டே ஐம்பது பேர் நடந்து வர்றாங்க. தர்ம காரியமாம்."

கோயில் வாசலிலேயே கிடந்த சிங்கத்துக்கு நடை என்றால் திறப்பதுதான். "நடை திறக்கிறாங்களா? அப்போ தண்ணி வந்துடும். உனக்கு மட்டும் ஒரு சொட்டு கிடையாது."

"வரட்டும், பார்ப்போம்."

கூட்டம் வந்தது. சிங்கத்துக்குக் கல்லெல்லாம் சிலிர்த்தது. படம் எடுத்தார்கள், திருகிப் பார்த்தார்கள். காற்றுகூட வரவில்லை. ஒரு அம்மாள் மட்டும், "பாவம், தொண்டை காய்ஞ்சு கிடக்கு" என்று தன் பாட்டிலிலிருந்து தண்ணீரைச் சிங்கத்தின் வாயில் ஊற்றினாள். அது வழிந்து கீழே இருந்த தொட்டியில் விழ, காகம் குனிந்தது. சிங்கம் அவசரமாக வாயை மூடப் பார்த்தது. கல் வாய், மூடவில்லை.

காகம் குடித்து நிமிர்ந்தது.

"எப்படி இருக்கு?" சிங்கத்தால் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அதே பழைய ருசி, அண்ணே."

"சரி, நாளைக்கும் வா," என்றது சிங்கம்.