கஞ்சி குடித்த கடைசி அத்தியாயம்

சோறு வடிக்கப் பானையைச் சாய்த்தபோது முட்டுக்கொடுக்க வேறொன்றும் அகப்படாமல், படித்துக்கொண்டிருந்த நாவலையே வைத்தது என் சமையல் மேதைமை. தட்டு நழுவிக் கஞ்சி கொட்டியது. வெயிலில் காயவைத்தால் கடைசி அத்தியாயம் சலவை வேட்டி போல விறைத்து ஒட்டிக்கொண்டது. இட்லிப் பானை ஆவியில் காட்டிப் பிரித்தேன். எழுத்து கையோடு வந்தது.

மகள் சுகந்தி மூன்று வருஷத்துக்கு முன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது விட்டுப்போன புத்தகம் அது. அதில் பதினைந்து வயது தாமரா, அப்பாவை ஊரில் விட்டுவிட்டு அத்தையோடு பனி நாட்டுக்குப் போகிறாள். கோட்டுப் பையில் எப்போதும் ஊர் வீட்டுச் சாவி. வகுப்பில் யாராவது சிரித்தால் அதை இறுகப் பிடித்துக்கொள்வாள். பனியைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் ஃப்ரிட்ஜின் மேல்தட்டுதான். ஆனாலும் "காத மூடிக்கோ கண்ணு" என்று இரண்டு முறை அவளிடம் உரக்கச் சொல்லியிருக்கிறேன். கிண்டல் செய்ய வீட்டில் ஆளில்லை. ஒட்டாமல் மிஞ்சிய பக்கத்தில் அவள் வளர்ந்து, வேலைக்குப் போய், ஊருக்கு வர டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சுகந்தி போனில் கூப்பிட்டாள். எப்போது வருகிறாய் என்று கேட்டால் "பாக்கலாம்ப்பா" என்பாள். அதனால் இந்த முறை கஞ்சி கொட்டிய கதையைச் சொல்லி, தாமராவைப் பற்றிக் கேட்டேன்.

"புக்கப் போயி பானைக்கு அடியில வச்சீங்களா!" என்று சிரித்தாள்.

"அத விடு. அந்தப் பொண்ணு ஊருக்குத் திரும்பி வர்றாளா, இல்லையா?"

சிரிப்பு நின்றது. அங்கே குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதையும் நிறுத்தினாள்.

"வரலப்பா," என்றாள். "இனிமே வரமாட்டா. சாவிய மட்டும் பத்திரமா வச்சிருக்கா."