சுவரைப் பார்த்த லேப்டாப்

12.3.2013, செவ்வாய். நேற்றைய குறிப்பில் ஒரு தவறு. மூன்றாம் எண் சென்சாரை முன்கையில் ஒட்டியதாக எழுதியிருக்கிறேன், ஒட்டியது தோளில். கோடு விசித்திரமாக வந்ததற்கு அதுதான் காரணம் என்றும் எழுதியிருக்கிறேன். அதுவும் தவறு என்று இன்று தெரிந்தது.

கம்பெனி பஸ் ஒரகடத்தில் இறக்கிவிட்டதும் வாள்வீச்சு வகுப்பு நடக்கும் பள்ளிக்கூட ஷெட்டுக்குப் போய் முதலில் கையைக் கழுவினேன். இரண்டு முறை சோப்புப் போட்டும் மெஷின் எண்ணெய் வாடை போகவில்லை. அதன் மேலேயே இனியவன் சார் ஜெல்லைத் தடவி நாலு சென்சாரை ஒட்டினார். யாரோ எச்சிலைப் பூசியதுபோல் குளிர்ந்தது. பொது மாஸ்க்கில் முன்னால் ஆடியவளின் வியர்வை இன்னும் காயவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு மாட்டினேன்.

இனியவன் சார் என்ஜினீயரிங் காலேஜில் ஆராய்ச்சி மாணவர். தசை இறுகினால் லேப்டாப்பில் கோடு எழும்பும். வாளை நீட்டும்போது எந்தத் தசை வீணாக இறுகுகிறது என்று கண்டுபிடித்தால் ஆட்டத்தைத் திருத்தலாம் என்று சொல்லி, எங்கள் வாள்வீச்சு வகுப்புக்கு நாலு நாளாக வருகிறார்.

ஞாயிற்றுக்கிழமை மாவட்ட அணித் தேர்வு. எங்கள் மாலை வகுப்பிலிருந்து ஒருத்தியைத்தான் முனிரத்தினம் மாஸ்டர் அனுப்புவார். மாநிலப் போட்டி வரை போய்ச் சான்றிதழ் வாங்கினால், போலீஸ் வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் மனுப் போடலாம். கம்பெனி அசெம்பிளி லைனை விட்டு வெளியேற எனக்குத் தெரிந்த ஒரே வழி அது.

குறுக்கே நிற்பவள் பிரவீனா. வாலாஜாபாத்காரி. நான் ஒன்றரை வருடமாக வாள் பிடிக்கிறேன். அவள் நாலு மாதமாக. கம்பெனியிலும் எனக்கு அடுத்த ஸ்டேஷன் அவளுடையதுதான். நான் பிரஸ் மெஷினில் அழுத்திக் கொடுக்கும் பீஸை, அந்தப் பக்கத்துப் பெண்ணிடம் சினிமாக் கதை பேசியபடி, திரும்பிக்கூடப் பார்க்காமல் வாங்கிக்கொள்வாள். அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்காது.

அப்படிப்பட்டவளிடம் தினமும் தோற்கிறேன். முன்னே போய், பின்னே வந்து, காத்திருந்து, அவள் எதிர்பாராத நொடியில்தான் பாய்கிறேன். அதற்குள் அவள் வாள் என் மார்புக்கு நேரே வந்து நிற்கிறது.

நேற்றுதான் லேப்டாப்பைக் கவனித்தேன். மேஜை என் முதுகுக்குப் பின்னால். திரை அவள் முகத்துக்கு நேரே. நான் பாய்வதற்கு முன் தசை இறுகும். இறுகினால் கோடு எழும்பும். என் உடம்புக்குள் நடப்பதை என் முதுகுக்குப் பின்னால் படித்துக்கொண்டு குத்துகிறாள். ராத்திரி ஹாஸ்டலில் சாப்பிட முடியவில்லை. என் சந்தேகம் தப்பாக இருக்குமோ என்றும் ஒரு தடவை நினைத்தேன். ஒரு தடவைதான்.

இன்று எல்லோர் முன்னாலும் மாஸ்டரிடம் சொன்னேன். "லேப்டாப்ப சுவரப் பாக்கத் திருப்பி வைங்க மாஸ்டர். அவ கோட்டப் பாத்துல்லா குத்துதா."

பிரவீனா மாஸ்க்கைத் தூக்கிவிட்டுச் சிரித்தாள். "இன்னாக்கா, நான் இன்னா பரீட்சையா எழுதறேன், பாத்து எழுத? வோணும்னா துணியப் போட்டு மூடிக்கோ."

மாஸ்டர் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பினார். ஐந்து புள்ளி ஆட்டம், ஜெயிப்பவள் ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்றார்.

ஐந்துக்கு ஒன்று. ஐந்து அவளுக்கு, ஒன்று எனக்கு.

இனி யார்மேல் பழி போடுவது என்று தெரியவில்லை. மாஸ்க்குக்குள் யாருடையதோ என்று நான் அருவருத்த வியர்வையில் பாதி என்னுடையதாகியிருந்தது. சென்சார்களைப் பிய்த்து எடுத்தேன். முன்கையிலும் தோளிலுமாக நாலு சிவப்பு வட்டங்கள். மாஸ்டர் நோட்டில் பிரவீனாவின் பெயரை எழுதுவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

இனியவன் சார் மட்டும் திரையை விட்டு நகரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்கிற குரலில் பேசினார். என்னுடைய நாலு நாள் பதிவையும் அழிக்க வேண்டியிருக்குமாம். கோடு எழும்பும் இடங்களை அளந்து பார்த்தாராம். ஒவ்வொன்றுக்கும் நடுவே பதினோரு நொடி. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. எந்த மனுஷரும் அப்படி ஆட மாட்டார்கள், மெஷினில்தான் ஏதோ கோளாறு என்றார்.

பிரவீனா ஷூவின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"மெஷின் நல்லாத்தான் கீது சார். லைன்ல அக்கா எனக்கு பீஸ் தர்றது பதினோரு செகண்டுக்கு ஒண்ணு."

நாளை: ஏ ஷிஃப்ட், காலை ஆறு மணி. டார்கெட் 2,300 பீஸ்.