கோயில் வாசலில் சிவப்புக் கார்

குருநகரில் மாதா கோயில் வாசலில், காலை வெயிலுக்குப் பளபளத்தபடி, கூரையில்லாத சிவப்பு எம்.ஜி. கார் வந்து நிற்கிறது. அடைக்கலநாதனும் மகன்மாரும் தங்கள் கராஜில் துருவைச் சுரண்டிச் சுரண்டி உயிர்கொடுத்த பழைய ஸ்போர்ட்ஸ் கார். காரைத் திருத்தத் தந்த சொந்தக்காரர் லண்டனில்தானே என்று, அவரைக் கேட்காமலே மகளின் கலியாணத்துக்குப் பூக்கட்டி ஓட்டிவந்திருக்கிறார் அடைக்கலநாதன். இப்போது சனத்தை விலக்கிக்கொண்டு வருகிறவர் அந்தச் சொந்தக்காரரேதான்; சொல்லாமல் கொள்ளாமல் ஊருக்கு வந்திருக்கிறார். அடைக்கலநாதன் ஸ்டியரிங்கை விட்டு இறங்காமல் இருக்கிறார். வந்தவர் தன் காரின் முன்பக்கப் பொனற்றை ஒருமுறை தடவுகிறார். கதவைத் திறந்து, மணப்பெண்ணின் நீண்ட வெள்ளை முக்காடு சிக்காமல் தூக்கிப் பிடிக்கிறார். "பாத்து இறங்குங்கோ, பிள்ளை." "தாங்ஸ் அங்கிள். இது அப்பா எனக்கெண்டே செய்த கார்," என்கிறாள் ஷெரோன். "ஓம் பிள்ளை, நல்ல வடிவாச் செய்திருக்கிறார்." மணி அடிக்கிறது. உள்ளே கூட்டிப்போகச் சொல்லி மகள் கை நீட்டி நிற்கிறாள்; அடைக்கலநாதனால் தலையை நிமிர்த்த முடியவில்லை.