ஜாடியின் உட்புறம்

"திருப்பிப் பாருங்க, மிஸ்டர் ஆஷ்பி. அடியில முத்திரை இருக்காது. எங்க அப்பா முத்திரை போட மாட்டார்."

ஹில்டா பாஸ்கோ பிஸ்கட் டின்னைத் திறந்து, கைப்பிடி வைத்த பழுப்பு ஜாடியை மேசைமேல் வைத்தார்.

இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், ட்ரூரோ ஊர்த் தேவாலயக் கூடத்தில் மாதத்தின் முதல் சனிக்கிழமை இப்படித்தான். பரணில் கிடந்ததையெல்லாம் ஜனங்கள் தூக்கிக்கொண்டு வருவார்கள். லெனர்டு ஆஷ்பி அடியைப் பார்ப்பார், விரலால் சுண்டுவார், யார் செய்தது, எந்த வருஷம் என்று சொல்லிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய கார்ன்வால் குயவர்களைப் பற்றி ஒரு கண்காட்சியும் புத்தகமும் வரப்போகின்றன. அதில் யார் இடம்பெறுவது என்பதும் அவர் கையில்தான்.

"அப்பா பேரு?"

"எட்வின் ட்ரெகீர். சூளை போட்டு ஆறே வருஷம். ஒரு புயல்ல கூரை இடிஞ்சு விழுந்து எல்லாம் நொறுங்கிடுச்சு. எங்ககிட்ட மிஞ்சினது இது ஒண்ணுதான். நீங்க ஏத்துக்கிட்டா புத்தகத்துல அவருக்கு ஒரு வரி கிடைக்கும். எனக்கு அது போதும்."

கைப்பிடி சேரும் இடத்தில் பதிந்திருந்த விரல் தடத்தை ஆஷ்பி கட்டைவிரலால் தடவினார். அவர் முகம் மலர்ந்தது. பக்கத்தில் குறிப்பெழுதிக்கொண்டிருந்த, கண்காட்சியை நடத்தும் சங்கத்தின் செயலாளர் மோரீன் அதைக் கவனித்தாள். மனிதர் இப்படிச் சிரித்து வருஷக்கணக்காகிறது.

பிறகு ஜாடியை விளக்கடியில் சாய்த்து உள்ளே பார்த்தார். வாயை ஒட்டி ஒரு விரற்கடை அளவுக்குத்தான் பளபளப்பு. அதற்குக் கீழே மேற்பூச்சு மங்கி, சொரசொரவென்று இருந்தது.

"இதுல என்ன ஊத்தி வெப்பீங்க?"

"ஆப்பிள் சாறு. எங்க தோட்டத்துது, செம புளிப்பு. அப்பா போனப்புறம்தான் எடுத்துப் புழங்கினேன். என் பையன் காலினுக்கு இந்த ஜாடின்னா உயிர். ராத்திரியே ஊத்தி வெச்சிடணும். காலைல எழுந்ததும் இதுலேருந்துதான் குடிப்பான்."

"இப்போ பெரியவனா இருப்பானே?"

"நாலு வயசுல போயிட்டான். வயித்து வலின்னு துடிச்சான். அப்புறம் வலிப்பு. எந்த டாக்டருக்கும் என்னன்னு பிடிபடல. இருபது வருஷம் ஆச்சு." ஹில்டா ஜாடியை லேசாகத் தொட்டார். "அப்பா கையும் அவன் கையும் பட்டது இது ஒண்ணுலதான்."

ஆஷ்பி ஜாடியைக் கீழே வைத்தார்.

"இது உங்க அப்பா செஞ்சது இல்லை, மிஸஸ் பாஸ்கோ."

"என்ன சொல்றீங்க?"

"தொழிற்சாலைச் சரக்கு. அச்சுல வார்த்தது. கடற்கரைக் கடைங்கள்ல ஆயிரக்கணக்குல வித்தாங்க."

"நானே செஞ்சேன்னு சொல்லித்தானே என் கல்யாணத்துக்குக் கொடுத்தார்!"

"பரிசு கொடுக்கறவங்க அப்படிச் சொல்றது உண்டு."

வரிசையில் தேநீர்க் கெண்டியோடு நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம், "முத்திரை இல்லாத ஜாடிக்கெல்லாம் ஒரு அப்பா கிடைச்சுடறார் பாரு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

ஹில்டா மேசைமேல் குனிந்தார். "அப்போ எங்க அப்பா பொய்யரா?"

ஆஷ்பி நிமிரவில்லை. சீட்டில் 'தொழிற்சாலை' என்று எழுதினார். "அடுத்தவங்க வரலாம்."

"பையன்தான் இல்லைன்னு இருந்தேன். இப்போ அப்பாவும் இல்லைன்னு ஆக்கிட்டீங்க. இதை நீங்களே வெச்சுக்குங்க."

டின்னையும் ஜாடியையும் விட்டுவிட்டு ஹில்டா வெளியே போனார்.

தேநீர் இடைவேளை வரும்வரை மோரீன் பொறுத்துக்கொண்டாள்.

"நீங்கெல்லாம் ஒரு மனுஷனா? அச்சுல வார்த்ததுல விரல் தடம் எப்படி வரும்? எனக்கே தெரியுதே!"

"ட்ரெகீர் செஞ்சதுதான். சந்தேகமே இல்லை."

"பின்னே?"

"உள்ளே பாரு. காரீயம் கலந்த பூச்சு. புளிப்புச் சாறு ராத்திரி முழுக்க நின்னா காரீயம் அதுல கரையும், அது விஷம். கரைஞ்சதெல்லாம் எங்கே போயிருக்கும்?"

மோரீன் ஜாடிக்குள் பார்த்தாள். கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"ஐயோ, அந்தக் குழந்தை..."

"கண்காட்சிக்கு எடுத்தா ஜாடி ஆய்வுக்கூடத்துக்குப் போகும். அறிக்கை நேரா அவங்க வீட்டுக்குப் போயிடும். தன் கையாலேயே பிள்ளைக்கு என்ன ஊத்திக் கொடுத்தோம்னு அந்தம்மா தபால்ல படிக்கணுமா? வேண்டாம். ஆயுசுக்கும் என்னைத் திட்டட்டும். திட்டறவங்களுக்குத் தூக்கமாவது வரும்."

மோரீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "மன்னிச்சுக்குங்க. உங்களைப் போய் என்னென்னவோ நினைச்சுட்டேன்."

ஜாடியை உள்ளே வைக்க டின்னை இழுத்தாள். அடியில் ஒரு பழைய பத்திரிகைத் துண்டு மடித்துக் கிடந்தது. ஓரத்தில் பென்சில் எழுத்து: 'இன்று முதல் காலினுக்கு.'

"இதைப் படிச்சுட்டுத்தான் ஜாடியை எடுத்துப் புழங்கியிருக்காங்க போல" என்றபடி மோரீன் சத்தமாகப் படித்தாள்: "'நல்ல ஜாடியை அலமாரியில் பூட்டி வைப்பது பாவம். இன்றே கீழே இறக்குங்கள்...'"

சட்டென்று நிறுத்திவிட்டாள். அவள் கண் கீழே அச்சாகியிருந்த பெயரில் நின்றது.

மீதி வரியை, அதை எழுதிய ஆஷ்பியே காகிதத்தைப் பார்க்காமல் சொல்லி முடித்தார்.

"'உங்கள் குழந்தைக்கு அதில் பழச்சாறு ஊற்றிக் கொடுங்கள்.'"